வட்டத் தட்டுக்குள் மாமாவின் குரல்

“அவரு பேசுறதை ஒரு தரம் போட்டுக் காட்டேன்.”

2023-ம் வருஷம் தை மாதம். பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த என் மாமியார் திடுமென்று இப்படிக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா காலமாகி அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எண்பத்து நாலு வயது அத்தைக்குக் கொஞ்ச நாளாகவே ஞாபக மறதி. காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் நினைவிருக்காது. “எனக்கு இன்னும் பலகாரமே தரலையே!” என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லி என் மானத்தை வாங்குவார். ஆனால் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய சங்கதிகள் மட்டும் நேற்று நடந்தது போல் அப்படியே வரும்.

“யாரு பேசுறது, அத்தை?”

“வேற யாரு? உங்க மாமாதான். டி.வி.யில போட்டோ வரும், அவரு பேசுவாரே!”

பளிச்சென்று எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துபோனது அத்தை அல்ல, நான்தான்!

எண்பதாம் கல்யாணத்துப் பரிசு

மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து 1987-ல் ஓய்வு பெற்றவர். எண்பது வயது நிறைந்ததும் 2009-ல் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். அறுபதுக்கும், எழுபதுக்கும், எண்பதுக்கும் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து தம்பதிகள் தேடி வருகிற ஊரல்லவா அது! வரும் உறவினர்களுக்குத் தாம்பூலப் பையோடு வேறு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த என் மகன் ஒரு யோசனை சொன்னான்.

“அம்மா, தாத்தாவோட பழைய போட்டோவெல்லாம் வரிசையா டி.வி.யில வர்ற மாதிரி டி.வி.டி. போட்டுக் கொடுப்போம். தாத்தாவையே பேசச் சொல்லுவோம்.”

எனக்கோ அப்போது கம்ப்யூட்டர் என்றால் தூசி தட்டும் சாமான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவன்தான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தான். டிரங்குப் பெட்டியிலிருந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தோம். மைக்ரோசாப்ட் கம்பெனி அந்தக் காலத்தில் இலவசமாகக் கொடுத்த ‘போட்டோ ஸ்டோரி’ என்ற மென்பொருளில், ஒவ்வொரு படத்துக்கும் கீழே நம் குரலைப் பதிவு செய்ய வசதி இருந்தது. மத்தியான வேளைகளில் மாமாவை உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுத்துவிடுவேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். “இது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. இந்தச் சட்டை என்னுதில்லை, அறைத் தோழன்கிட்ட இரவல் வாங்கினது…” இப்படி முப்பத்திரண்டு படத்துக்குப் பேசினார். சதாபிஷேகப் படங்களையும் கடைசியில் சேர்த்துக்கொண்டு, ஆறு டி.வி.டி. போட்டோம். ஒன்று எங்களுக்கு. மற்ற ஐந்தும் உறவினருக்கு.

பிறகு? இரண்டு தீபாவளி வரை எல்லாரும் போட்டுப் பார்த்தோம். 2014-ல் மாமா போய்விட்டார். துக்கத்தில் அதைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. 2016-ல் பழுதாகிப் போன பழைய கம்ப்யூட்டரை, இடத்தை அடைக்கிறதே என்று, பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டேன். யோசிக்கவே இல்லை. அதன் வயிற்றுக்குள் மாமாவின் குரலும், திருக்கடையூர்ப் படங்களின் மூலப் பிரதிகளும் இருந்தன என்பது எனக்கு உறைக்கவே இல்லை, சகோதரிகளே!

ஆறில் ஒன்று

அத்தை கேட்ட அன்றே பரணில் ஏறிப் பழைய டி.வி.டி. பிளேயரை இறக்கினேன். டி.வி. ஸ்டாண்டின் மேல்தட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த எங்கள் டிஸ்கைத் துடைத்து உள்ளே தள்ளினேன். கர்… கர்… என்று சுற்றியது. ‘நோ டிஸ்க்’ என்று எழுத்து வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்.

“என்ன, அவரு வரலையா?” என்றார் அத்தை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “கரண்ட் சரியில்லை அத்தை, நாளைக்குப் போடறேன்” என்று சமாளித்துவிட்டு, மாடிக்குப் போய் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன்.

மதுரையில் இருக்கும் சின்ன நாத்தனார் சொன்னாள்: “அதுவா அண்ணி? மொட்டை மாடியில வடகம் காயப் போட்டப்போ காக்கா வராம இருக்கணும்னு கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். மூணு கோடை பார்த்தாச்சு!” திட்ட வாயெடுத்தேன், எடைக்குப் போட்ட என் யோக்கியதை நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டேன்.

சென்னையில் என் ஓரகத்தியின் வீடு தரைத்தளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பத்தோடு அதுவும் போய்விட்டது. தஞ்சாவூர்ச் சின்ன மாமனார் வீட்டில், பேரன் பள்ளிக்கூடக் கைவேலைக்கு அதில் முள் ஒட்டிக் கடிகாரம் செய்து மார்க் வாங்கிவிட்டானாம். அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார் மூன்று வீடு மாறியதில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றார்.

கடைசியாகக் கும்பகோணம். பெரிய நாத்தனார், நான் சொல்லி முடிப்பதற்குள், “எங்கே போகும்? என் பட்டுப்புடவைக்கு நடுவுலதான் இருக்கு. அப்பா குரலாச்சே, விட்டுடுவேனா?” என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். ஸ்டீல் பீரோவில், மெல்லிய துணி சுற்றி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது அது. கைக்குழந்தையைத் தூக்குவது போல் மடியில் வைத்துத் திருச்சிக்குக் கொண்டு வந்தேன். மகனின் லாப்டாப்பில் டிஸ்க் போடும் தட்டே கிடையாது, யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் தனி டி.வி.டி. டிரைவ் ஒன்றை வாங்கி, முதல் வேலையாக அதிலிருந்த கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் காப்பி எடுத்தோம். காப்பி ஆகிக் கொண்டிருந்த அந்தப் பத்து நிமிஷமும் நான் பூஜை அறையில்தான் இருந்தேன்!

எங்கள் டிஸ்க் ஏன் கெட்டது?

இதை அப்புறம் நான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் உபயோகப்படும், கேளுங்கள்.

கடையில் வாங்கும் சினிமா டி.வி.டி. வேறு, நாம் வீட்டில் ‘ரைட்’ பண்ணும் டி.வி.டி. வேறு. சினிமா டிஸ்கில், தொழிற்சாலையிலேயே நுண்ணிய பள்ளங்களை அச்சாக வார்த்துவிடுகிறார்கள். நம்முடைய டிஸ்கிலோ ஒரு மெல்லிய சாயப் பூச்சுதான் உண்டு. லேஸர் ஒளி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்கி மாற்றுகிறது. அதனால்தான் ‘எரிப்பது’ என்ற பெயரே வந்தது. முறுக்குச் சுற்றுவது போல, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒரே சுற்றாகப் புள்ளிகள் விழுகின்றன. அந்தச் சுற்றை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வருமாம்! அவ்வளவு நெருக்கமான கோலம்.

சாயம் என்றால் வெயிலில் வெளுக்கும் அல்லவா? புடவைச் சாயமானாலும் இதுவானாலும் குணம் ஒன்றுதான். எங்கள் வீட்டு ஹால் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேரே டி.வி. ஸ்டாண்டில் விழும். இது முதல் தவறு.

இரண்டாவது தவறு, அழகுக்காக நான் மேலே ஒட்டிய மாமா-அத்தை படம் போட்ட ஸ்டிக்கர். பசை காய்ந்து ஒரு பக்கம் மடங்கினால், வேகமாகச் சுழலும்போது டிஸ்க் தள்ளாடும்.

மூன்றாவது, சிக்கனம் பார்த்து வாங்கிய பெயர் தெரியாத மலிவு டிஸ்க். கும்பகோணத்து டிஸ்கும் அதே கட்டிலிருந்து எடுத்ததுதான். ஆனால் இருட்டும் குளுமையும் அதைக் காப்பாற்றிவிட்டன.

உங்கள் வீட்டு டிஸ்க் ஒன்று ஓடவில்லை என்றால் உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். எங்கள் டிஸ்கையே புது டிரைவில் போட்டபோது பாதி வரைக்கும் வந்தது! மெத்தென்ற பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்துப் பாருங்கள். தோசைக்கல் துடைப்பது போல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் பதிவின் போக்கிலேயே நீளமாக விழுவதால் அதுதான் அதிகம் கெடுக்கும்.

செய்து பார்ப்போமா?

“செல்போனில்தான் எல்லாப் போட்டோவும் இருக்கிறதே, இந்தக் காலத்தில் டிஸ்க் எதற்கு?” என்று கேட்கலாம். போனில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தீர்களா? வயதானவர்களுக்குச் சின்னத் திரை தெரியாது. விரலால் தள்ளினால் படம் எங்கேயோ ஓடிவிடும். டிஸ்கானால் உள்ளே தள்ளினால் போதும், பெரிய டி.வி.யில் தானே ஓடும். அதோடு, தொடவோ அழிக்கவோ முடியாதபடி ஒரு தடவை எழுதியது எழுதியதுதான். குழந்தை கைபட்டு ‘டெலீட்’ ஆகாது.

நான் இப்போது செய்யும் முறை இது:

1. படங்களைப் பொறுக்குதல்: அரிசியில் கல் பொறுக்குவது போல் பொறுமை வேண்டும். ஒரே காட்சிக்குப் பத்துப் படம் இருந்தால் ஒன்று போதும். நூறு படத்துக்கு மேல் போனால் பார்ப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஒரு படத்துக்கு 6 விநாடி என்று வைத்தால் நூறு படம் 10 நிமிஷம். வயதானவர்களுக்கென்றால் 10 விநாடி கொடுங்கள்.

2. பழைய காகிதப் படங்கள்: ஸ்கேன் செய்யும்போது, அதே அளவில் திரும்ப அச்செடுக்க 300 டி.பி.ஐ. போதும், சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் 600 வையுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், அப்படியே வைத்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

3. வரிசை: கோப்புகளுக்கு 001, 002 என்று எண் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேரன் காதுகுத்து முதலிலும் தாத்தா கல்யாணம் அப்புறமும் வந்து மானம் போகும்.

4. குரல்: இதுதான் உயிர். மைக் எல்லாம் தேவையில்லை. செல்போனில் ரிக்கார்டரைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆல்பத்தைப் பெரியவர் மடியில் கொடுங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பதிவில் அதன் சத்தம் மழை மாதிரி கொட்டும். இருமினாலும், பேச்சு வேறெங்கோ போனாலும் தடுக்காதீர்கள். பின்னால் நமக்கு அந்த இருமல்கூட அருமையாகிவிடும்.

5. படத் தொகுப்பு: ‘டி.வி.டி. ஸ்டைலர்’ என்ற இலவச மென்பொருளில் படங்களை வரிசையாகப் போட்டு, பாட்டோ குரலோ சேர்த்து, டி.வி.யில் ஓடும் டிஸ்காக மாற்றலாம். நம் நாட்டுக்கு ‘பால்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் ‘என்.டி.எஸ்.சி.’. கொழுந்தனாருக்கு 2009-ல் நாங்கள் பால் முறையில் அனுப்பி, அவர் பிளேயர் அதைத் தொட மறுத்துவிட்டது! கம்ப்யூட்டரில்தான் பார்த்தாராம். படத்தின் மேல் பெயர் எழுதினால் ஓரத்தில் எழுதாமல் சற்று உள்ளே தள்ளி எழுதுங்கள். பழைய டி.வி.க்கள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

6. ரைட் பண்ணுதல்: நல்ல கம்பெனியின் ‘டி.வி.டி.-ஆர்’ வாங்குங்கள். ‘ஆர்.டபிள்யூ.’ என்று போட்டது அழித்து அழித்து எழுதும் வகை. நாள்பட வைக்க அது வேண்டாம். வேகத்தை உச்சத்தில் வைக்காமல் 4 அல்லது 8 என்று வையுங்கள். நிதானமாகச் சுட்ட தோசைதான் கருகாமல் வரும்! கடைசியில் ‘ஃபைனலைஸ்’ என்று டிஸ்கை மூடி முடிக்கும் கட்டம் உண்டு. அதை விட்டுவிட்டால் நம் கம்ப்யூட்டரில் ஓடும். பக்கத்து வீட்டு பிளேயரில் ஓடாது. ‘வெரிஃபை’ என்று சரிபார்க்கும் கட்டத்தையும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்.

7. பார்த்த பிறகே கொடுங்கள்: எழுதிய கம்ப்யூட்டரில் அல்லாமல், வேறொரு பிளேயரில் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.

நான் தொலைத்தது

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குரல் கிடைத்துவிட்டது. ஆனால் எல்லாமே கிடைத்துவிடவில்லை.

திருக்கடையூரில் குடும்பம் முழுவதும், மூன்று தலைமுறையாக நாற்பத்தேழு பேர், ஒன்றாக நின்று எடுத்த படம் ஒன்று உண்டு. அதைப் பெரிதாகச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்று கும்பகோணத்து டிஸ்கிலிருந்து எடுத்து ஸ்டூடியோவுக்குக் கொடுத்தேன். அச்சில் ஒவ்வொரு முகமும் கடுகு மாதிரிக் கலங்கிப்போய் இருந்தது.

காரணம் இதுதான். டி.வி.யில் ஓடும் டி.வி.டி.யாக மாற்றும்போது, எவ்வளவு பெரிய படமானாலும் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகளாகச் சுருக்கப்படுகிறது. பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 12 மெகாபிக்ஸல் படம் ஒன்றில் ஒரு கோடியே இருபது லட்சம் இருக்கும். ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும்! டி.வி.யில் பார்க்க அது போதும்; அச்செடுக்கப் போதவே போதாது. மூலப் படம் அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு போயே போய்விட்டது.

ஆகவே, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு டிஸ்க் போடுங்கள். ஒன்று, டி.வி.யில் பார்க்க. இன்னொன்று, மூலப் படங்களைச் சுருக்காமல் அப்படியே போட்டு வைக்க. ஒரு டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. படம் ஒன்று 4 எம்.பி. என்று வைத்தால் ஆயிரத்துக்கும் மேல் பிடிக்கும். இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் காலி டிஸ்கைப் போட்டதும், யு.எஸ்.பி. டிரைவ் மாதிரி வேண்டுமா, சி.டி., டி.வி.டி. பிளேயருக்கானது மாதிரி வேண்டுமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் படமாக வந்ததை மூலம் என்று நினைத்து விடாதீர்கள். அதுவும் சுருக்கி வந்ததுதான். அனுப்புகிறவரை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்; சுருங்காமல் முழுசாக வரும்.

டிஸ்கும் ஒரு ஊறுகாய்தான்!

ஆமாம், ஈரக்கையும் வெயிலும் இரண்டுக்கும் ஆகாது. (ஊறுகாய்க்கு முதலில் கொஞ்சம் வெயில் வேண்டும், இதற்கு அதுவும் கூடாது.)

* ஓரத்தையும் நடுத் துளையையும் மட்டும் பிடித்து எடுங்கள். பளபளக்கும் பக்கத்தில் விரல் படக் கூடாது.
* ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பால்பாயின்ட் பேனாவும் வேண்டாம். டிஸ்குக்கென்று விற்கும் மெதுவான மார்க்கர் பேனாவால், நடுவிலுள்ள தெளிவான வளையத்தில் எழுதுவது உத்தமம்.
* தனித்தனிப் பெட்டியில் போட்டுப் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.
* சமையலறை, ஜன்னலோரம், டி.வி.யின் மேல், மொட்டை மாடி, இதெல்லாம் ஆகாத இடங்கள். துணி பீரோ உத்தமமான இடம். நாஃப்தலின் உருண்டை மட்டும் அருகில் வேண்டாம்.
* வருஷத்துக்கு ஒரு முறை, சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தோடு இதையும் எடுத்துத் துடைத்து, ஓடுகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் புதிதாக நகல் எடுத்துவிடுங்கள்.

டிஸ்கை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. ஹார்ட் டிஸ்க் விழுந்தால் கெடும். பென் டிரைவ் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மறக்கும். டிஸ்க் வெயிலில் வெளுக்கும். விஷயம் தெரிந்தவர்கள் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். அந்தக் கடைசி ‘ஒன்று’தான் எங்களைக் காப்பாற்றியது. உறவுக்காரருக்குக் கொடுத்த பிரதி செலவல்ல, சேமிப்பு!

மறதி உள்ள பெரியவர்களுக்கு

வீட்டில் ஞாபக மறதி உள்ளவர் இருந்தால் இந்தப் படத் தொகுப்பு மிகவும் ஒத்தாசை. பழைய படம், பழைய பாட்டு, பழைய சாமான் இவற்றைக் காட்டிப் பேச வைப்பதை முதியோர் பராமரிப்பில் ஒரு முறையாகவே கையாளுகிறார்கள். இது மறதியைக் குணப்படுத்தும் மருந்தல்ல. டாக்டர் தரும் மாத்திரைக்கு மாற்றும் அல்ல. ஆனால் மனசு லேசாகும், பேச்சு வரும்.

நான் அனுபவத்தில் கற்றது: “இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்!” என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் வராவிட்டால் அவர்கள் கூசிப் போவார்கள். “இதோ உங்க தங்கச்சி, மாயவரத்தில எடுத்தது” என்று நாமே எடுத்துக் கொடுத்தால் மீதியை அவர்கள் சொல்வார்கள். பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் சிலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். எனவே காலையிலோ மத்தியானமோ போடுங்கள். இறந்தவரைப் பார்த்து “எப்ப வருவாரு?” என்று கேட்டால், “அவர்தான் செத்துப்போயிட்டாரே” என்று ஒவ்வொரு தடவையும் போட்டு உடைக்க வேண்டாம். அது அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. “அவரைப் பத்திச் சொல்லுங்களேன்” என்று பேச்சை மாற்றிக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அன்று மத்தியானம்

புது டிஸ்க் தயாரான அன்று, அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, பிளேயரை ஓடவிட்டேன். மாமா கனைத்தார். அத்தை சட்டென்று முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

ஏழாவது படம், 1957-ல் கல்யாணமான மறுமாதம் ஸ்டூடியோவில் எடுத்தது. மாமா கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார்; அத்தை பக்கத்தில் நிற்கிறார், பதினெட்டு வயது, முகத்தில் ஒரே கடுகடுப்பு. அந்தப் படத்துக்கு மாமா பதிவிலேயே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்திருப்பார்: “இந்தா, உன்னைத்தான்! இந்தப் போட்டோவில ஏன் இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கறே?” அன்றைக்கு அத்தை சமையலறையில் தாளித்துக் கொண்டிருந்தார். காதில் விழவில்லை. பதிலே இல்லாமல் படம் அடுத்ததற்குப் போய்விடும்.

அன்று மத்தியானம் அத்தை டி.வி.யைப் பார்த்துச் சொன்னார்:

“முறைக்கலை. நீங்க வாங்கித் தந்த செருப்பு கடிச்சுது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலை.”

அறுபத்தாறு வருஷம் கழித்து வந்த பதில்! என் கணவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். நான் ரிமோட்டை எடுத்து, அந்தப் படத்தையே திரும்ப வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் டிரங்குப் பெட்டியில் படம் இருக்கும். பக்கத்தில் அதைப் பற்றிச் சொல்ல ஒரு ஆளும் இருப்பார். டிஸ்க் அப்புறம் வாங்கிக் கொள்ளலாம், சகோதரிகளே. இன்று மத்தியானமே மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆல்பத்தை அவர் மடியில் கொண்டுபோய் வையுங்கள்.